கேட்டு போடு

அந்தப் பக்கம் வந்து "தையல்கார அம்மா வீடு எது?" என்று யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். "சந்து அக்கா" என்று கேட்டால் போதும், பேசத் தெரியாத குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டும். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ரேஷன் கார்டோடு பத்திரமாக அலமாரியில் இருந்தது.

அக்கா புதுத்துணி தைப்பதில்லை. பழசைச் சரி பண்ணித் தருவதுதான் வேலை. பேண்ட் உயரம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், முழங்கால் கிழிசலுக்குத் தெரியாத மாதிரி ஒட்டுப் போடுவாள். "புதுசு தைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கு. வாங்கினப்புறம் உடம்பு மாறிப்போனவங்களுக்கு யாரு இருக்கா?" என்பாள். ஜன்னலை ஒட்டி மெஷின். ஜன்னலுக்கு வெளியே சந்து. காலையில் மெஷின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, "கடவுளே, இன்னைக்கு இந்த வழியாப் போறவங்க எல்லாரும் போன காரியம் முடிஞ்சு நல்லபடியாத் திரும்பணும்" என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் ஊசியில் நூல் கோப்பாள்.

அந்தச் சந்து பிறந்த கதையைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

அக்கா வாழ்க்கைப்பட்டு வந்தபோது சந்து கிடையாது. முன் தெரு ஒன்று, பின் தெரு ஒன்று. சண்டை போட்டுக்கொண்டு படுத்த புருஷன் பெண்டாட்டி மாதிரி ரெண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. இதிலிருந்து அதற்குப் போக வேண்டுமானால் பெரிய ரோட்டுக்குப் போய், வளைந்து, மறுபடி உள்ளே வர வேண்டும். அக்கா வீடு முன் தெருவில். அவளுடைய தம்பி கல்யாணம் ஆனதும் வீடு வாங்கினான், சரியாக அக்கா வீட்டுக்குப் பின்னால், பின் தெருவில். வாங்கியதே அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான்.

அந்தத் தம்பியை வளர்த்தவள் அவள். அம்மா படுத்த படுக்கையானபோது அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவள், அடுப்பு எரிய எரிய அவனுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தாள். அவன் ரொம்ப நாள் வரைக்கும் 'க'வையும் 'ச'வையும் மாற்றி மாற்றி எழுதினான். கடலைச் 'சடல்' என்று எழுதிவிட்டு வந்து நிற்பான். அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதை யாராவது கேட்டால், "அதான் ஒருத்தன் இருக்கானே, எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு" என்று சிரித்துவிடுவாள்.

வீடு வாங்கிய புதிதில் தம்பி சாப்பிட அக்கா வீட்டுக்குத்தான் வருவான். அக்காவும் தூக்குப் பாத்திரத்தில் கொடுத்து அனுப்புவாள். ஒருநாள் அவனே சொன்னான்: "சுத்திப் போறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போகுதுக்கா. இந்தச் சுவத்தை இடிச்சா என்ன?"

அக்கா வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. தம்பி வீட்டுப் பக்கவாட்டிலும் அப்படியே. நடுவில் ஒரு சுவர்தான். அக்கா வீட்டுக்காரரும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு இறங்கினார்கள். மச்சான்கள் ரெண்டு பேரும் புழுதியில் குளித்து எழுந்தபோது, முன் தெருவில் நின்று பார்த்தால் பின் தெருவில் போகிற சைக்கிள் தெரிந்தது. பாதி அக்கா இடம், பாதி தம்பி இடம். "ஆளுக்குப் பாதி. யாரும் யாருக்கும் கடன் இல்லை" என்றார் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஆனால் சந்தில் இறங்கும்போதெல்லாம் அந்தப் புழுதி முகம்தான் அக்காவுக்கு ஞாபகம் வரும்.

முதலில் அந்த வழியாக வந்தவர் முன் தெரு டீக்கடைக்காரர். பின் தெருவுக்கு டீ கொண்டு போகிறவர் டம்ளர் தட்டோடு வந்து நின்று, "தங்கச்சி, இப்படிப் போகலாமா?" என்று கேட்டார்.

"போங்கண்ணே. டீ ஆறிடப் போகுது."

அவர் போனதைப் பார்த்துப் பால்காரர் போனார். பால்காரரைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். அப்புறம் கேட்டுக்கொண்டு போகிற பழக்கமே நின்றுபோய், அது பாட்டுக்கு வழியாகிவிட்டது.

இதற்கிடையில் ஊர் வளர்ந்தது. ஊர் வளர்ந்தால் வழியும் வளரும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ரோடு என்னவோ அகலமாகத்தான் ஆனது, ஆனால் ஆள் நடக்கிற வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. பெரிய ரோட்டுக்கு நடுவில் தடுப்புச் சுவர் வந்தது. எதிர்ப்பக்கக் கடை கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுப் பாலம் கட்டினார்கள். வண்டியில் போகிறவன் பாலத்தின்மேல் பறந்தான், கீழே இருக்கிறவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்த நடைபாதையைக் காம்பவுண்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் கார் நிறுத்த இடம் போட்டார்கள். பஸ் நிறுத்தம் பின் தெரு முனைக்குப் போனது.

இப்படி எங்கெங்கோ அடைபட்ட வழியில் போய்க்கொண்டிருந்த ஜனமெல்லாம், மிச்சம் இருந்த அக்காவின் சந்துக்கு வந்து சேர்ந்தது. ஆபீஸ் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், கூடை தூக்குகிறவர்கள், காதில் போனை வைத்துக்கொண்டு சுவரோடு சண்டை போடுகிறவர்கள். அக்கா முன்னறையில் இருந்த மெஷினைச் சந்துப் பக்க ஜன்னலுக்கு நகர்த்தினாள். "அக்கா, போகும்போது கொடுக்கிறேன், வரும்போது வாங்கிக்கிறேன்" என்று ஜன்னல் வழியாகவே துணி வந்தது, துணி போனது. முகம் மறந்துபோகிறவர்களைக்கூட அவள் கால்சட்டையின் ஓரத்தைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடுவாள். எல்லாம் அவள் மடித்துத் தைத்த ஓரம்.

"உன் சந்தை அடைச்சா ஊருக்கு மாரடைப்பு வந்துடும் தங்கச்சி" என்பார் டீக்கடைக்காரர். வாய் முகூர்த்தம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

பின் தெருவில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். குடியிருப்போர் சங்கம் வந்தது. தம்பி அதற்குச் செயலாளர் ஆனான். தெரு முனையில் ஒரு பளபளப்பான போர்டு வைத்தார்கள், பின் தெருவுக்கு 'அவென்யூ' என்று பெயர். டீக்கடைக்காரர் டம்ளர் தட்டோடு அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு வந்து, "தெருவா இருந்தவரைக்கும் என்னை அண்ணேன்னாங்க. அவென்யூ ஆனதும் 'யாருப்பா நீ?'ன்னு கேக்கறாங்க" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். செயலாளர் தன் தம்பி என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. எழுத்தை மாற்றிப் போட்டவன், இன்றைக்கு ஊரே அவன் கையெழுத்தைக் கேட்கிறது.

ஒருநாள் சாயங்காலம் நர்ஸ் ஒருத்தி இருட்டில் சந்தில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பின் தெரு மாடியில் குடியிருக்கிற பெண், அக்காவின் வாடிக்கை. அவளுக்கு மஞ்சள் மருந்து போட்டு, கிழிந்த சீருடைக்கு அப்போதே ஒட்டும் போட்டு அனுப்பினாள் அக்கா. உடனே தம்பிக்குப் போன் செய்து, "சந்துக்கு ஒரு லைட் போடுடா" என்றாள்.

மறுநாள் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "லைட் என் பக்கத்துச் சுவரில் போடலாமா அக்கா?"

அவன் பக்கத்துச் சுவருக்கு எதிரே ஒரு பெரியவரின் படுக்கையறை ஜன்னல். பாவம், தூக்கம் வராமல் தவிக்கிற மனுஷன். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கொஞ்சநஞ்சம் வருகிற தூக்கமும் போய்விடும். அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அக்கா மெஷினை நிறுத்தி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினாள்:

"கேட்டு போடு."

லைட் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் சந்தின் நடுவில் வெல்டிங் தீப்பொறி பறந்தது. மத்தியானத்துக்குள் ஆளுயர இரும்புக் கேட்டு நின்றது. சரியாகத் தம்பியின் பாதி தொடங்குகிற இடத்தில். சாயங்காலம் அதில் பூட்டுத் தொங்கியது.

ஆபீஸ் விட்டு வந்தவர்கள் கேட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் ஆட்டிப் பார்த்தார்கள். சிலர் ஜன்னலைப் பார்த்து, "அக்கா, இது என்ன அக்கா?" என்றார்கள்.

"புதுசா வச்சிருக்காங்க. காலைல திறந்துடுவாங்க. கேட்டுன்னா திறக்கத்தானே?" என்றாள் அக்கா.

காலையில் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீக்கடைக்காரர் சந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சு. இனிமே உன்னை முட்டுச்சந்து அக்கான்னுதான் கூப்பிடணும்" என்றார். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும், "சும்மா சொன்னேன் தங்கச்சி" என்று ஒரு டீயை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அது அப்படியே ஆடை கட்டி ஆறியது.

தம்பிக்குப் போன் போட்டாள். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்." அப்புறம் போட்டாள். "வண்டி ஓட்டறேன்க்கா." அவன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அந்த நர்ஸ் வந்தாள். சுற்றி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சீருடையை ஜன்னலில் வைத்துவிட்டு, கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் பேசினாள்.

"ஏன்க்கா, நீங்களே இப்படிச் செய்யலாமா? டியூட்டி முடிஞ்சு கால் ஓயுது எங்களுக்கு."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீங்கதானே கேட்டுப் போடச் சொன்னீங்க. மீட்டிங்ல நாங்க நாலஞ்சு பேர் வேணாம்னு சொன்னோம். உங்க தம்பி போனை எடுத்து எல்லார்கிட்டயும் காட்டினாரு. 'சந்துல பாதி எங்க அக்காவுது, அவங்களே கேட்டு போடுன்னு எழுதியிருக்காங்க, உங்களுக்கு என்ன?'ன்னாரு. நான் என் கண்ணால படிச்சேன்க்கா. அப்புறம் யாரு என்ன பேசறது?"

அக்காவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் பிடிபடவில்லை. மெஷின் சக்கரத்தில் வைத்த கை அப்படியே இருந்தது. பிறகுதான் மெல்ல உறைத்தது.

"அய்யோ... அது கேட்டு இல்லம்மா. கேட்டு. பெரியவரைக் கேட்டு, லைட்டைப் போடுன்னேன்."

நர்ஸ் முதலில் குபுக்கென்று சிரித்துவிட்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப, கேக்காமலே கேட்டுப் போட்டாங்களா?"

"தப்பாப் படிச்சிட்டான்மா. சின்னதுல இருந்தே அவன் அப்படித்தான். கடலைச் சடல்னு எழுதுவான். விளக்கிச் சொன்னாத் திறந்துடுவான்."

அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் இதே பதில்தான். பேண்ட் கொடுக்க வந்தவரிடம் சொன்னாள். கடையை அடைத்துவிட்டு வேறு எங்காவது போய்விடுவாளோ என்று விசாரித்தவரிடமும் சொன்னாள். டீக்கடைக்காரர் மட்டும் ஒருமுறை, "செயலாளரா இருக்கறவனுக்கு எழுதப் படிக்கத் தெரியலையா தங்கச்சி?" என்றார்.

"தெரிஞ்சா இப்படிச் செய்வானாண்ணே?" என்றாள். காலை வேண்டுதலில் ஒரு வரி கூடியது: "கடவுளே, அவனுக்குப் புரிய வை. அவன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்."

ஜன்னல் வழியாக வந்த துணி நின்றுபோனது. வழக்கமாகச் சாயங்காலம் செருப்புச் சத்தத்தில் மெஷின் சத்தமே கேட்காது. இப்போது மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். வழி இருந்த இடம் என்றே தெரியவில்லை.

தம்பியின் பேண்ட் ஒன்று அக்காவிடம் இருந்தது. கேட்டு வருவதற்கு முன்னால் கொடுத்தது. இடுப்பு இறுக்குகிறது என்றான். கம்பி வழியாகக் கொடுத்துவிடலாம்தான், ஆனால் வாங்க ஆள் வர வேண்டுமே. ஒரு விடுமுறை நாள் காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது அந்தச் சுற்று வழியில் நடந்து. பெரிய ரோட்டு ஓரத்தில் நடைபாதை இருந்த இடத்தில் பாலத்தின் கால் ஊன்றியிருந்தது. வண்டிகளோடு வண்டியாக ஒண்டி நடந்தாள். திரும்புகிற இடத்தில் திரும்ப முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், படியேறி, இறங்கி, வந்த வழியே திரும்பி வர வேண்டியிருந்தது. போகிற வழியில் அவளுக்குத் தெரிந்த பழைய சந்துகள் எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்தாள். ஒன்றில் கேட்டு, ஒன்றில் சுவர், ஒன்றில் கார் மூடிய துணி. இங்கெல்லாம் யாருடைய தம்பி செயலாளரோ என்று நினைத்தாள். நினைத்ததற்காக உடனே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

தம்பி வீட்டு வாசலுக்கு வந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது. அவன் கதவைத் திறந்து, "அக்கா! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றான்.

"எப்படிடா வருவே? வழி எங்க இருக்கு?"

அவன் சிரிப்பது மாதிரி உதட்டை அசைத்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி வந்து, "வாங்க அண்ணி. ஐயோ, இப்படி வேர்த்துக் கொட்டுதே" என்று மின்விசிறியைப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல பெண். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இந்தா, பேண்ட். போட்டுப் பாரு."

போட்டுக்கொண்டு வந்தான். இடுப்பு கச்சிதமாக நின்றது. "அளவே எடுக்கலையேக்கா. எப்படி இவ்வளவு சரியா வருது?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நான் அனுப்பினதை நீ தப்பாப் படிச்சிட்டே."

"அக்கா, சங்கத்துல எல்லாரும் பாதுகாப்பு பாதுகாப்புன்னு..."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ லைட்டைப் பத்திக் கேட்டே. நான் பெரியவரைக் கேட்டுப் போடுன்னேன். நீ கேட்டுன்னு படிச்சிட்டே. எழுத்து ஒண்ணுதானே, யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க. மீட்டிங்ல போய், தப்பாப் படிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதுல அவமானம் ஒண்ணும் இல்லை. நான் வேணா வந்து சொல்றேன், நான்தான் சரியா எழுதலைன்னு."

தம்பி புதிதாகப் பிரித்துத் தைத்த இடுப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவிதான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அந்த மெசேஜா அண்ணி? அன்னைக்கு அது வந்ததும் இவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. 'பாரு, அக்கா பெரியவரைக் கேக்கச் சொல்லுது. ஆனா படிச்சா கேட்டு போடுன்னே இருக்கு பாரு'ன்னு..."

பாதியில் நிறுத்தினாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அண்ணி முகத்தைப் பார்த்தாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அக்கா," என்றான் தம்பி. "நீ அலைய வேணாம். உனக்குன்னு தனியா ஒரு சாவி பண்ணி வச்சிருக்கேன்." எழுந்து போய் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். புதுச் சாவி, பளபளவென்று இருந்தது. "வேற யாருக்கும் தெரிய வேணாம். உனக்கு மட்டும்."

அக்கா அந்தச் சாவியைப் பார்த்தாள். எடுக்கவில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பாடு ஆறிப்போகுதுன்னுதானேடா அன்னைக்குச் சுவத்தை இடிச்சே?"

"அக்கா..."

"இப்ப வீட்டுலயே சூடாக் கிடைக்குது போல" என்றாள். குரலில் கோபம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பினாள். சந்து வழியாகப் போயிருந்தால், சாவியைத் திருகி நாலு எட்டு வைத்தால் வீடு. அதைச் சொல்லத்தான் அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான் போலிருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முன் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. டீக்கடைக்காரர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு வந்தார்.

"என்ன தங்கச்சி, தம்பியைப் பார்த்தியா? விளக்கிச் சொன்னியா? தப்பாத்தானே படிச்சிருக்கான்?"

அக்கா சந்துக்குள் ஒருதரம் பார்த்தாள். நடுவில் கேட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் பூந்தொட்டி.

"இல்லண்ணே," என்றாள். "அவன் சரியாத்தான் படிச்சிருக்கான்."

அவர் கடைக்குத் திரும்பிப் போய் மறுபடி டம்ளர் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் அக்கா மெஷினை ஜன்னலிலிருந்து இழுத்து, பழையபடி முன்னறையில் தெருவைப் பார்த்துப் போட்டாள். அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். இந்த வழியாகப் போகிறவர்கள் என்று ஆரம்பித்தாள், போகிறவர்கள் யாரும் இல்லை. அவனுக்குப் புரிய வை என்று வந்தாள். அவனுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. கடவுளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் கண்ணை மூடியபடியே இருந்தாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.